கன்டாம் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: எந்த வாசல் வழியாக நுழைவது?

கன்டாம் என்ற ஜப்பானிய ரோபோ அனிமே வரிசையைப் பார்க்கலாம் என்று முடிவெடுத்து இணையத்தில் தேடினால், முதலில் கண்ணில் படுவது அம்புக்குறிகள் நிறைந்த ஒரு வரைபடம்தான். 1979 முதல் இன்றுவரை வந்த டி.வி. தொடர்கள், சினிமாக்கள், வீடியோவுக்கென்றே எடுத்த குறுந்தொடர்கள் எல்லாவற்றையும் அடுக்கி, இதை முடித்தால்தான் அது புரியும், அதை முடித்தால்தான் இது புரியும் என்று மிரட்டும். பார்த்த மாத்திரத்தில் பலருக்கு ஆசையே விட்டுப்போய்விடும். அந்த வரைபடத்தை மூடிவிடுங்கள். எல்லாவற்றையும் பார்க்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. நானும் முழுக்கப் பார்த்தவன் இல்லை, பார்க்கப்போவதும் இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தத் தொடரை அந்த நேரத்தில் யார், எதற்காக எடுத்தார்கள்? கன்டாமின் கிளைகள் கதையிலிருந்து மட்டும் முளைத்தவை அல்ல. பொம்மை விற்க, மாடல் கிட் விற்க, கைவிட்டுப்போன சிறுவர்களை மீண்டும் பிடிக்க, முப்பது வயதான பழைய ரசிகரைத் தக்கவைக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வியாபாரக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் தெரிந்துவிட்டால், ஒரு தொடர் உங்களுக்கானதா இல்லையா என்று பாதி முடிவு செய்துவிடலாம்.

முதல் படி: இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

1979-இல் தொடங்கிய முதல் கதைக்கென்று ஒரு உலகம் உண்டு. யூனிவர்சல் செஞ்சுரி என்று பெயர். ரசிகர்கள் சுருக்கமாக யு.சி. என்பார்கள். பூமியில் இடம் போதாமல் மனிதர்கள் விண்வெளியில் மாபெரும் உருளை வடிவக் குடியிருப்புகளைக் கட்டிக் குடியேறுகிறார்கள். அங்கிருந்து தொடங்கும் புது ஆண்டுக்கணக்கு அது. யு.சி. 0079, யு.சி. 0087, யு.சி. 0093 என்று கதை ஓடும். ஒரு தொடரில் பையனாக இருந்தவன் அடுத்ததில் ஆளாகித் திரும்ப வருவான். ஆகவே இங்கே வரிசை முக்கியம்.

இன்னொரு பக்கம், 1994 முதல் வரத்தொடங்கிய தனி உலகங்கள். ஜி கன்டாம், விங், சீட், டபுள் ஓ, அயர்ன் பிளடட் ஆர்ஃபன்ஸ், விட்ச் ஃப்ரம் மெர்குரி எல்லாம் இந்த வகை. ஒவ்வொன்றுக்கும் தனி மனிதர்கள், தனி வரலாறு. விங் பார்க்காமல் சீட் பார்க்கலாம், சீட் பார்க்காமல் டபுள் ஓ பார்க்கலாம். நெற்றியில் வி வடிவக் கொம்புள்ள வெள்ளை ரோபோ, பெரியவர்கள் மூட்டிய போருக்குள் இழுக்கப்படும் பதின்வயதுப் பிள்ளைகள், அநேகமாக முகமூடி போட்ட ஒரு எதிராளி என்று சில அடையாளங்கள் மட்டும் திரும்பத் திரும்ப வரும்.

சரி, இந்த ஒரு பிரிவினை மனதில் நின்றால் போதும். அந்த வரைபடத்தின் பயம் பாதி போய்விடும்.

இரண்டாம் படி: 1979-இல் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எந்தத் தொடரில் தொடங்கினாலும் இந்தப் பழைய கதை தெரிந்திருப்பது நல்லது. இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

எழுபதுகளின் ஜப்பானிய ரோபோ கார்ட்டூன் என்றால் பொம்மைக் கம்பெனிக்கான அரைமணி நேர விளம்பரம் என்றே சொல்லிவிடலாம். வாரம் ஒரு அரக்கன் வருவான், நாயகனின் ரோபோ அவனை நொறுக்கும், பார்த்த பிள்ளை கடையில் போய் அடம்பிடிக்கும். கன்டாமும் அப்படித்தான் தொடங்கியது. பணம் போட்டது குளோவர் என்ற பொம்மைக் கம்பெனி. தயாரித்தது நிப்பான் சன்ரைஸ் ஸ்டூடியோ. இயக்குநர் யோஷியுகி டொமினோ, பாத்திரங்களை வரைந்தவர் யோஷிகாசு யாசுஹிகோ, இயந்திரங்களை வடிவமைத்தவர் குனியோ ஒகவாரா. பொம்மைக்காரர்கள் கேட்ட பளிச்சென்ற சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் ரோபோவின் உடம்பில் இருக்கிறது. ஆனால் அந்த உடம்புக்குள் டொமினோ வைத்தது முழுக்க முழுக்க ஒரு போர்க்கதை.

முதல் எபிசோடைப் பாருங்கள். சைடு 7 என்ற விண்வெளிக் குடியிருப்புக்குள் மூன்று எதிரி ரோபோக்கள் சத்தமில்லாமல் நுழைகின்றன. அவற்றுக்கு ஸாக்கு என்று பெயர்; ஒற்றைக் கண் முகத்தில் இடமும் வலமும் நகரும். வந்தவர்கள் வேவு பார்க்க வந்த சிப்பாய்கள், சண்டை போடச் சொல்லி அவர்களுக்கு உத்தரவே இல்லை. பேரெடுக்கும் ஆசையில் புதுப்பையன் ஒருவன் சுடத் தொடங்கிவிடுகிறான். அதே நேரத்தில் நம் நாயகன் அமுரோ ரே, பதினைந்து வயது, பனியனும் அரைக்கால் சட்டையுமாக வீட்டில் உட்கார்ந்து ஏதோ எலெக்ட்ரானிக்ஸ் நோண்டிக்கொண்டிருக்கிறான். தப்பி ஓடச்சொல்லிச் சைரன் ஒலிப்பதுகூட அவன் காதில் விழவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஃப்ராவ் போ வந்து திட்டிக் கிளப்புகிறாள். சிறிது நேரத்தில் அவள் கண்ணெதிரே அவளுடைய அம்மா சாகிறாள்.

அமுரோ கன்டாமுக்குள் ஏறுகிறான். எப்படி ஓட்டுகிறான் தெரியுமா? கீழே கிடந்த மேனுவலைப் படித்துக்கொண்டே. முதல் ஸாக்குவை வெட்டியதும் அதன் எஞ்சின் வெடித்துக் குடியிருப்பின் சுவரிலேயே ஓட்டை விழுகிறது. காற்று வெளியே உறிஞ்சப்படுகிறது, ஆட்களும் அதோடு போகிறார்கள். அடுத்த ஸாக்குவை அப்படி வெட்டக்கூடாது என்று அவனுக்குப் புரிகிறது. எஞ்சின் வெடிக்காமல் நிறுத்தவேண்டுமானால் பைலட் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் குத்தவேண்டும். குத்துகிறான். சிறுவர்களுக்கான நிகழ்ச்சியின் முதல் இருபத்தைந்து நிமிடத்திலேயே, நாயகன் தெரிந்தே ஒரு மனிதனைக் கொன்றுவிட்டான்.

இதுதான் அன்று புதிது. எதிரிப் படையான ஜியோனில் இருப்பவர்களும் வீட்டுக்குக் கடிதம் எழுதும் மனிதர்கள். ரோபோ ஒரு தெய்வ ஆயுதம் இல்லை, ராணுவத்தின் தளவாடம். குண்டு தீரும், பாகம் தேயும், சப்ளைக் கப்பல் வரவில்லை என்றால் எல்லோரும் பட்டினி. இவ்வளவு தூரம் முன்னேறிய காலத்தில் எதற்கு ராட்சத ரோபோக்கள் வாளெடுத்துச் சண்டை போடுகின்றன என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள்: மினோவ்ஸ்கி துகள் என்று ஒன்றைத் தூவிவிட்டால் ரேடார் வேலை செய்யாது, தூரத்திலிருந்து குறிவைக்க முடியாது. கண்ணால் பார்த்துக் கிட்டப்போய் அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கற்பனைதான், ஆனால் தொடர் முழுக்க அந்த விதியை மதிக்கிறார்கள்.

பொம்மை வாங்கும் வயதுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. ரேட்டிங் படுத்தது, பொம்மையும் சரியாகப் போகவில்லை. 52 எபிசோட் என்று திட்டமிட்டது 43-இல் நின்று, 1980 ஜனவரியில் முடிந்தது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியாததற்குக் காரணம், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேறு ஆட்கள். பள்ளியின் மேல்வகுப்பு, கல்லூரி மாணவர்கள். குளோவரின் பொம்மை அவர்களுக்கு வேண்டியதில்லை. 1980 ஜூலையில் பண்டாய் கம்பெனி, 144-இல் ஒரு பங்கு அளவில், பாகங்களை வெட்டி ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கிட் ஒன்றை 300 யென்னுக்கு வெளியிட்டது. அதுதான் முதல் கன்பிளா, அதாவது கன்டாம் பிளாஸ்டிக் மாடல். தொடரின் மறு ஒளிபரப்பும் கிட்டும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. கடைகளில் வரிசை நின்றது. 1981 பிப்ரவரி 22-ஆம் தேதி டோக்கியோவின் ஷின்ஜுக்கு ரயில் நிலையத்துக்கு வெளியே, தொடரைச் சுருக்கித் தயாரித்த சினிமாவுக்கான விளம்பரக் கூட்டத்தில் ரசிகர்கள் திரண்டார்கள். அனிமேவுக்கு ஒரு புது யுகம் பிறந்துவிட்டது என்று அங்கே மேடையில் ஒரு பிரகடனமே வாசித்தார்கள். 1981, 1982-இல் மூன்று சினிமாக்கள் வந்து நன்றாக ஓடின. குளோவர் 1983-இல் திவாலானது. கன்டாமுக்கு முதன்முதலில் பணம் போட்டவர்களுக்கு அதன் வெற்றியில் பெரிய பங்கு கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து கன்டாமின் உண்மையான தயாரிப்பாளர் மாடல் கிட்தான் என்று சொன்னால் மிகையில்லை. 1994-இல் பண்டாய் சன்ரைஸ் ஸ்டூடியோவையே வாங்கிவிட்டது. ஒரு தொடரில் புதிதாக ஒரு ரோபோ வந்தால், கதைக்கு அது வேண்டுமா என்று யோசிப்பதற்கு முன்னால், அலமாரிக்கு அது வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பல குழப்பங்கள் தெளியும்.

மூன்றாம் படி: வாசலைத் தேர்ந்தெடுங்கள்

வெளிவந்த வரிசையில் பார்க்கச் சொல்வது தூய ரசிகர்களின் அறிவுரை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1979-இன் ஓவியம் இன்றைய கண்ணுக்கு நிச்சயம் பழசாகத் தெரியும், அதைத் தாண்டிப் போகும் பொறுமை எல்லோருக்கும் முதல் நாளே வராது. உங்களுக்கு எந்தமாதிரிக் கதை பிடிக்கும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

இதுவரை ரோபோ அனிமே பக்கமே போகாதவர் என்றால், விட்ச் ஃப்ரம் மெர்குரி. 2022 அக்டோபரில் தொடங்கி 2023 ஜூலையில் முடிந்தது, 24 எபிசோட், அதற்கு முன் ஒரு முன்கதை. புதன் கிரகத்திலிருந்து வரும் சுலெட்டா என்ற பயந்த சுபாவமுள்ள பெண், பெரிய பெரிய கம்பெனிகள் நடத்தும் ஒரு பள்ளியில் வந்து சேர்கிறாள். அங்கே எந்தத் தகராறையும் ரோபோ சண்டை வைத்துத்தான் தீர்ப்பார்கள். கன்டாம் டி.வி. தொடர்களில் பெண் மையப் பாத்திரமாக வந்தது இதுதான் முதல் முறை. ஆரம்பத்தில் கல்லூரிக் கலாட்டா மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். முன்கதையை மட்டும் தவறாமல் முதலில் பாருங்கள். சில தளங்களில் அதைத் தனியாகப் போட்டிருப்பார்கள், கண்ணில் படாமல் போக வாய்ப்புண்டு.

கனமான கதை வேண்டும், ரத்தம் பார்த்தால் பரவாயில்லை என்பவர்களுக்கு அயர்ன் பிளடட் ஆர்ஃபன்ஸ். 2015-இலிருந்து 2017 வரை, இரண்டு சீசன், 50 எபிசோட். செவ்வாய் கிரகத்தில் கூலிப்படைக் கம்பெனி ஒன்று அனாதைச் சிறுவர்களைச் சிப்பாய்களாக வைத்து உறிஞ்சுகிறது. அவர்கள் எதிர்த்துக் கிளம்பி, தங்களுக்கென்று ஒரு கம்பெனி தொடங்குகிறார்கள். லேசர் துப்பாக்கி இல்லாத கன்டாம் இது. இரும்புத் தடியால் அடித்து நொறுக்குவார்கள், அடிபட்டால் உலோகம் நசுங்கும் ஓசை கேட்கும். வட சென்னைப் படங்கள் பிடிக்கிறவர்களுக்கு இதில் வரும் அண்ணன்-தம்பி விசுவாசம் உடனே ஒட்டிக்கொள்ளும்.

உலக அரசியல் பிடிக்கும் என்றால் டபுள் ஓ. இது நம்முடைய கி.பி. கணக்கிலேயே 2307-இல் நடக்கிறது. எண்ணெய் தீர்ந்துவிட்டது. பூமத்திய ரேகையில் விண்வெளிவரை உயர்ந்து நிற்கும் கோபுரங்கள் வழியாகச் சூரிய மின்சாரம் வருகிறது, அதை மூன்று வல்லரசுக் கூட்டணிகள் வைத்திருக்கின்றன. இந்தியா, சீனா, ரஷ்யா மூன்றும் ஒரே கூட்டணி! எங்கே போர் நடந்தாலும் ஆயுதத்தோடு புகுந்து இரண்டு பக்கத்தையும் அடித்துப் போரை நிறுத்துவோம் என்று ஒரு ரகசியக் கூட்டம் நான்கு கன்டாம்களோடு கிளம்புகிறது. நாயகன் மேற்கு ஆசியாவில் குழந்தைச் சிப்பாயாக இருந்தவன். 2007 முதல் 2009 வரை இரண்டு சீசன், 2010-இல் ஒரு சினிமா. என்னைக் கேட்டால், யு.சி.க்கு வெளியே நன்றாகக் கட்டி முடித்த கதை இதுதான். சினிமா மட்டும் வேறு திசைக்குப் போய்விடும், அது பிடிக்காதவர்கள் உண்டு.

சீட், 2002. புது நூற்றாண்டின் பிள்ளைகளுக்காக முதல் கன்டாமையே புதிதாகச் சமைத்தது என்று சொல்லலாம். மரபணு மாற்றிப் பிறந்தவர்களுக்கும் இயல்பாகப் பிறந்தவர்களுக்கும் போர்; இரண்டு பக்கத்திலும் ஒருவராக இரண்டு நண்பர்கள். ஜப்பானில் பெண் ரசிகர்களைப் பெருமளவில் இழுத்த தொடர் இது. 2004-இல் வந்த இரண்டாம் பாகமான சீட் டெஸ்டினி பாதிக்கு மேல் தடம் புரண்டுவிடும், எச்சரித்துவிடுகிறேன். இருந்தும் அந்த ரசிகர்கள் கலையவில்லை. இருபது ஆண்டு காத்திருந்து 2024 ஜனவரியில் வந்த சீட் ஃப்ரீடம் சினிமாவுக்கு ஓடினார்கள். 500 கோடி யென்னைத் தாண்டி வசூலித்து, கன்டாம் சினிமாக்களிலேயே முதலிடத்துக்குப் போனது.

விங், 1995. ஐந்து அழகான பையன்கள், ஐந்து கன்டாம்கள், நிறைய வசனம். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க் சேனலின் டூனாமி என்ற நிகழ்ச்சி நேரத்தில் ஓடி அங்கே கன்டாமைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இதுதான். அதனால் இணையத்தில் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். சிறுவயது நினைவு இல்லாதவர்களுக்கு அவ்வளவு பிடிபடாது.

நான்காம் படி: யு.சி.க்குள் போகும்போது

ஒரு தனித்தொடர் பிடித்துப்போய், இனி மூலத்தையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும்போது இங்கே வாருங்கள்.

43 எபிசோடுகளையும் பார்ப்பதா, மூன்று சினிமாக்களைப் பார்ப்பதா என்று முதலில் முடிவு செய்யவேண்டும். புதியவருக்கு என் வாக்கு சினிமாவுக்கு. சில பகுதிகளை, குறிப்பாகக் கடைசிப் பாகத்துக்கு, புதிதாக வரைந்திருக்கிறார்கள். விளம்பரத்துக்காகச் சேர்த்த ஒட்டுப்பாகங்கள் பலவற்றை வெட்டியும் விட்டார்கள். மூன்றாம் பாகம் தனியாக நிற்கக்கூடிய நல்ல சினிமா. லாலா சூன் என்ற பெண் முழு அளவில் வருவது அதில்தான். நெற்றியில் பொட்டு வைத்த, இந்தியத் தோற்றத்தில் வரைந்த பாத்திரம். அவள் வந்துபோன பாதிப்பு அடுத்தடுத்த கதைகளிலும் பத்து வருடத்துக்கும் மேலாக இரண்டு ஆண்களை விடாது. அதற்கு மேல் சொன்னால் ஸ்பாய்லர்.

அந்த இருவரில் ஒருவன் அமுரோ. மற்றவன் ஷார் அஸ்னபிள், சிவப்பு ரோபோ ஓட்டும் முகமூடிக்காரன். எதிரிப் படையில் இருந்துகொண்டே தன் சொந்தப் பழியையும் தீர்த்துக்கொண்டிருப்பவன். கன்டாமின் எல்லா முகமூடிகளும் இவனுடைய பேரப்பிள்ளைகள்தான்.

அடுத்து ஸீட்டா கன்டாம், 1985, 50 எபிசோட். முதல் போர் முடிந்து ஏழெட்டு ஆண்டு ஆனபிறகு, வென்ற பக்கமே கொடுங்கோலாக மாறியிருக்கிறது. யு.சி.யின் உச்சம் இது என்று பலர் சொல்வார்கள். நானும் சொல்வேன், ஆனால் நடுவில் யார் எந்தப் பக்கம் என்று குழம்புவது உறுதி. குழம்பினாலும் நிறுத்தாமல் ஓட்டுங்கள். 2005-2006-இல் இதையும் மூன்று சினிமாவாகச் சுருக்கினார்கள். அதைத் தொடவேண்டாம். முடிவையே மாற்றிவிட்டார்கள், அடுத்த கதையோடு அது சேராது. அந்த அடுத்த கதை டபுள் ஸீட்டா, 1986. ஸீட்டாவின் இருட்டுக்குப் பிறகு சிரிப்பாகத் தொடங்கும், பாதியில் தொனி மாறும். அவசரமாக இருந்தால் சுருக்கத்தைப் படித்துவிட்டுத் தாண்டிப்போகலாம்.

பிறகு 1988-இல் வந்த ஷார்ஸ் கவுன்டர்அட்டாக், இரண்டு மணிநேர சினிமா. அமுரோவும் ஷாரும் கடைசியாக மோதுவது இதில். இதுவரை பார்க்காதவரிடம் இதை முதலில் போட்டுக் காட்டாதீர்கள், ஒன்றுமே புரியாது. இதற்குப் பிறகு யூனிகார்ன், 2010 முதல் 2014 வரை ஏழு பாகம். ஹருதோஷி ஃபுகுய் எழுதிய நாவல்களிலிருந்து எடுத்தது. பழைய ரசிகர்கள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கிய காலத்தில் அவர்களுக்கென்று பணத்தைக் கொட்டி எடுத்தது. ஒவ்வொரு பிரேமிலும் அது தெரியும். கண்ணுக்கு விருந்து என்பதால் பலர் இதிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். வேண்டாம். ஒரு கிழட்டு மனிதன் ஒரு பெயரைச் சொல்லி மௌனமாவான், அந்தப் பெயர் தெரியாவிட்டால் காட்சி வெறுமையாகப் போகும். இதற்கடுத்து ஹாத்தவே, மூன்று பாகமாகத் திட்டமிட்டது. முதல் படம் 2021-இல் வந்தது. இரவு நகரத்துக்கு மேலே ரோபோக்கள் மோத, கீழே தீப்பொறி மழையில் சாதாரண ஜனங்கள் சிதறி ஓடுவதை அதில் பாருங்கள். ரோபோவைக் கால் பக்கத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு பயங்கரம் என்று அந்தக் காட்சிதான் எனக்கு உறைக்க வைத்தது.

யு.சி.யின் நீண்ட பாதை வேண்டாம், ஒரு வார இறுதிதான் இருக்கிறது என்றால் வார் இன் த பாக்கெட் போதும். 1989, ஆறு எபிசோட். டொமினோ அல்லாத ஒருவர், ஃபுமிஹிகோ தகாயாமா, முதன்முறையாக இயக்கிய கன்டாம். போர் என்றால் ஜாலி என்று நினைக்கும் ஒரு பள்ளிச் சிறுவனின் ஊருக்கு உண்மையான போர் வருகிறது. ஒரு முன்கதையும் தெரியவேண்டாம். கன்டாம் அனேகமாக வரவே வராது. மொத்தக் குடும்பத்திலும் மிகச் சிறந்தது இதுதான் என்பது என் எண்ணம். இதே போர்க்காலத்தில் காட்டுக்குள் சிக்கிய சாதாரணச் சிப்பாய்களின் கதையாக 08த் எம்.எஸ். டீம், 1996-இல் தொடங்கியது, இருக்கிறது. அதுவும் தனியாகப் பார்க்கக்கூடியது.

ஐந்தாம் படி: இப்போதைக்குத் தள்ளிவைக்க வேண்டியவை

விக்டரி கன்டாம், 1993: டொமினோ மிகவும் கசந்துபோயிருந்த நேரத்தில் எடுத்தது, பார்க்கிறவரையும் கசக்க வைக்கும். எக்ஸ், 1996: ரேட்டிங் இல்லாமல் 39 எபிசோடில் முடித்துக்கொண்டது. ஏஜ், 2011: தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை, நல்ல யோசனை, பலவீனமான கை. டர்ன் ஏ, 1999: மீசை வைத்த கன்டாம்! வடிவமைத்தவர் ஹாலிவுட்டில் பேர்பெற்ற சிட் மீட். மிக அழகான, நிதானமான தொடர், ஆனால் மற்றதெல்லாம் பார்த்தவருக்குத்தான் அதன் ருசி முழுதாகக் கிடைக்கும்.

ஜி கன்டாம் மட்டும் விதிவிலக்கு. 1994-இல் பழைய வழி சலித்துப்போய், போரையே தூக்கி எறிந்துவிட்டு, நாடுகளுக்கு இடையே தற்காப்புக் கலைச் சண்டைப் போட்டி வைத்தார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கன்டாம். நெதர்லாந்துக்குக் காற்றாலை, இந்தியாவுக்கு நாகப்பாம்பு உடம்போடு கோப்ரா கன்டாம். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாது, நான் சிரித்தேன். கன்டாம் என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்ற தைரியம் பிறந்தது இங்கேதான். மனம் சோர்ந்திருக்கும் மாதத்தில் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், 2025-இல் வந்த ஜீக்குவாக்ஸ். சன்ரைஸோடு காரா ஸ்டூடியோ சேர்ந்து எடுத்தது, இயக்கம் கசுயா த்சுருமாகி, 12 எபிசோட்; அமேசான் பிரைமில் உலகம் முழுக்க ஓடியது. புதிதாக இருக்கிறது, எல்லோரும் பேசுகிறார்கள், இதிலிருந்து தொடங்கலாமே என்று தோன்றும். அது 1979 கதையின் ஒரு இழையை மாற்றிப்போட்டு, அப்படி நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று விளையாடுகிற தொடர். மூலம் தெரியாதவருக்கு விளையாட்டு விளங்காது. மூன்று பழைய சினிமாக்களை முடித்த மறுநாளே இதைப் போடலாம், இடையில் ஒன்றும் தேவையில்லை.

எங்கே பார்ப்பது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். நெட்ஃபிளிக்ஸ், கிரன்ச்சிரோல், பிரைம் மூன்றிலும் தேடிப்பாருங்கள். அதிகாரபூர்வ யூடியூப் சேனலான கன்டாம் இன்ஃபோவிலும் சில தொடர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு இலவசமாகப் போடுவார்கள். ஜப்பானியக் குரலில் சப்டைட்டிலோடு பார்ப்பது நல்லது, ஷாரின் குரலுக்காகவே.

ஆறாம் படி: ஒரு கிட் கட்டிப் பாருங்கள்

இது கூடுதல் பொழுதுபோக்கு என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். மேலே சொன்னதுபோல், கன்டாமை நாற்பது ஆண்டுக்கும் மேலாக ஓட்டிக்கொண்டிருப்பது இந்தப் பிளாஸ்டிக்தான். பில்ட் ஃபைட்டர்ஸ் என்று 2013-இல் மாடல் கட்டும் பிள்ளைகளையே நாயகர்களாக்கி ஒரு தொடர் எடுத்துவிட்டார்கள் என்றால் பாருங்கள்.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் கிரேடைக் கவனியுங்கள். ஹை கிரேடு 1990-இல் வந்தது, 144-இல் ஒரு பங்கு அளவு. கதையில் 18 மீட்டர் நிற்கும் கன்டாம் உங்கள் மேசையில் பன்னிரண்டரை சென்டிமீட்டர் நிற்கும். மாஸ்டர் கிரேடு, 1995, நூறில் ஒரு பங்கு, உள்ளே எலும்புக்கூடு மாதிரிச் சட்டகம் உண்டு. பெர்ஃபெக்ட் கிரேடு, 1998, அறுபதில் ஒரு பங்கு, விலையும் வேலையும் அதிகம். 2010-இல் வந்த ரியல் கிரேடு ஹை கிரேடின் உயரத்தில் மாஸ்டர் கிரேடின் நுணுக்கம். பாகங்கள் குட்டிக் குட்டியாக இருக்கும், கை நடுங்குகிறவர்கள் முதல் கிட்டாக எடுக்கவேண்டாம். எந்தக் கருவியும் இல்லாமல் கையால் பிய்த்துக் கட்டக்கூடிய என்ட்ரி கிரேடும் இருக்கிறது. தொடங்குகிறவருக்கு என்ட்ரி அல்லது ஹை கிரேடு.

இன்றைய கிட்டுகளுக்குப் பசை வேண்டாம், பெயின்ட் வேண்டாம். பாகங்கள் அந்தந்த நிறப் பிளாஸ்டிக்கிலேயே வரும், அழுத்தினால் கிளிக் என்று உட்காரும். நீங்கள் வாங்கவேண்டியது ஒரு நல்ல நிப்பர், அதாவது பிளாஸ்டிக் வெட்டும் சின்னக் குறடு. பாகங்கள் ஒரு சட்டத்தோடு ஒட்டியே வரும், அதை ரன்னர் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஏ, பி என்று எழுத்தும் பாகத்துக்கு எண்ணும் இருக்கும். வழிகாட்டிப் புத்தகம் ஜப்பானிய மொழியில் இருந்தாலும் கவலையில்லை, படமும் எண்ணும் பார்த்தே கட்டிவிடலாம்.

வெட்டும் விதம்தான் எல்லாம். பாகத்தை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டாதீர்கள். பிளாஸ்டிக் இழுபட்டு அந்த இடம் வெள்ளையாகிவிடும், கரு நீலப் பாகத்தில் அது அசிங்கமாகத் தெரியும். முதலில் கொஞ்சம் தள்ளி, காம்பு நீளமாக நிற்கும்படி வெட்டிப் பாகத்தை ரன்னரிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு நிப்பரின் தட்டையான பக்கம் பாகத்தைப் பார்த்து இருக்கும்படி வைத்து, காம்பை மெல்ல வெட்டுங்கள். மிச்சம் நிற்கும் துளியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும். ஒரு கட்டத்துக்குத் தேவையான பாகங்களை மட்டும் வெட்டுங்கள். மொத்தத்தையும் வெட்டிக் குவித்துவிட்டால் எது பி-12, எது பி-21 என்று உட்கார்ந்து தேடவேண்டியதுதான்.

இணையத்தில் வாங்கும்போது விலை சந்தேகத்துக்கு இடமாகக் குறைவாக இருந்தால் நகலாக இருக்கலாம். பெட்டியில் பண்டாய் பெயரும் சின்னமும் இருக்கிறதா என்று பாருங்கள், படத்தில் அது மங்கலாக்கியிருந்தால் விட்டுவிடுங்கள். நகல் கிட்டுகளில் மூட்டுகள் இறுகாது, நிற்க வைத்தால் சாயும்.

கட்டி முடித்ததும் கோடுகளுக்கு மட்டும் ஒரு மெல்லிய கருப்பு மார்க்கர் ஓட்டுங்கள். உடம்பில் இருக்கும் பள்ளக் கோடுகளில் மை இறங்கும், வெளியே வழிந்ததைக் காது குடையும் பஞ்சால் துடைத்துவிடலாம். வெள்ளைப் பாகத்துக்குக் கருப்பைவிடச் சாம்பல் நிற மார்க்கர் நன்றாக இருக்கும்.